ரியோஹா ரெசெர்வாவைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஸ்பெயினின் வடக்கே, ரியோஹா என்ற ஒயின் பிரதேசத்தில் இருக்கும் லோக்ரோன்யோ பக்கம் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் ஒயின் மேசையில் உட்கார வேண்டிவரும். எதிரே மூன்று கோப்பைகள் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் கோப்பையைச் சாய்த்துப் பார்த்து, முகர்ந்து, "இதில் மரம் கொஞ்சம் தூக்கல்" என்பார். நமக்கு மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்காது. நான் திண்டாடித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

ரெசெர்வா போல ஓக் மரப் பீப்பாயில் வைத்து முதிரவிட்ட ஒயினை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: மரத்தின் வாசனைக்கு அடியில் பழம் இன்னும் இருக்கிறதா? வெனிலா மணம் பலமாக வந்தாலே உயர்ந்த ஒயின் என்று நினைத்துக்கொண்டு புதியவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான்.

1. பின்பக்க முத்திரையைப் படியுங்கள்

முன்பக்க லேபிளில் கோட்டையும் குதிரையும் இருக்கும். அதை விடுங்கள். பாட்டிலைத் திருப்பினால் ரியோஹாவின் ஒழுங்குமுறைக் குழு கொடுக்கும் சின்ன முத்திரை ஒட்டியிருக்கும். உங்களுக்கு வேண்டிய ஆவணம் அதுதான். நிறத்தை வைத்தே வகை தெரியும்.

பச்சை என்றால் பொது வகை. எவ்வளவு காலம் பீப்பாயில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிவப்பு என்றால் கிரியான்சா. குறைந்தது இரண்டு வருட முதிர்ச்சி, அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். அடர் சிவப்பு என்றால் ரெசெர்வா; மொத்தம் மூன்று வருடம், பீப்பாயில் குறைந்தது ஒரு வருடம், பாட்டிலில் குறைந்தது ஆறு மாதம். நீலம் என்றால் கிரான் ரெசெர்வா. மொத்தம் ஐந்து வருடம், பீப்பாயில் இரண்டு, பாட்டிலில் இரண்டு. இவையெல்லாம் சிவப்பு ஒயினுக்கான கணக்கு. பீப்பாய் என்றால் ஏறத்தாழ 225 லிட்டர் கொள்ளும் ஓக் பீப்பாய்.

ஆக, 2020 அறுவடையின் ரெசெர்வா 2023 கடைசிக்கு முன்னால் கடைக்கு வரவே முடியாது. கடைக்காரர் வேறு மாதிரி சொன்னால் முத்திரையை நம்புங்கள்.

இதில் சில பொறிகள் உண்டு.

முத்திரையில் இருப்பது குறைந்தபட்சக் காலம் மட்டும்தான். லா ரியோஹா அல்தா என்ற தயாரிப்பாளரின் வின்யா அர்தான்சா ரெசெர்வா மூன்று வருடம் அளவுக்குப் பீப்பாயில் இருந்து வருகிறது. லோபெஸ் தே எரேதியாவின் தோந்தோனியா ரெசெர்வா ஆறு வருடம் இருக்கிறது. சட்டப்படி இரண்டும் ரெசெர்வாதான், ஆனால் கோப்பையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

பச்சை முத்திரையைப் பார்த்ததும் மலிவு என்று ஒதுக்காதீர்கள். இந்த வகைப்பாடே வேண்டாம் என்று நினைக்கும் தயாரிப்பாளர்கள் தங்கள் விலை உயர்ந்த ஒயினுக்கும் பச்சையையே ஒட்டுகிறார்கள். அதுவும் ஓக்கில் இருந்திருக்கலாம்.

'ரெசெர்வா' என்ற சொல் சிலி நாட்டு பாட்டிலிலும் இருக்கும். அதற்கு ஸ்பெயினின் கால அளவு பொருந்தாது. ஸ்பெயினின் இன்னொரு ஒயின் பிரதேசமான ரிபேரா தெல் துவேரோவின் பாட்டிலில் 'ரோப்லே' என்று போட்டிருந்தால் சில மாதங்கள் மட்டும் ஓக்கில் இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், பாட்டிலைச் சுற்றியிருக்கும் தங்க நிறக் கம்பி வலை. இன்றைக்கு அது வெறும் அலங்காரம், அதற்காக ஒரு யூரோகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

2. ஒன்று வாங்காதீர்கள், மூன்று வாங்குங்கள்

மரம் என்ன செய்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மரம் படாத ஒயின் பக்கத்தில் இருக்க வேண்டும். தனியாக ஒரு ரெசெர்வாவை வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் முகர்ந்தாலும் இது பிடிபடாது. முடிந்தால் ஒரே தயாரிப்பாளரின் ஹோவென் எனப்படும் இளம் ஒயின், கிரியான்சா, ரெசெர்வா மூன்றையும் வாங்குங்கள். மூன்றிலும் தெம்ப்ரானியோ திராட்சை பெரும்பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். கார்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகியவை கொஞ்சம் கலந்திருக்கலாம், பரவாயில்லை.

செலவு பெரிதாக ஆகாது. ஸ்பெயினில் சாதாரணக் கடையில் இளம் ஒயின் 4 முதல் 6 யூரோ, கிரியான்சா 6 முதல் 12, நல்ல ரெசெர்வா 12 முதல் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரான் ரெசெர்வா அதற்கு மேலே ஆரம்பித்து எங்கேயோ போகும். அதை இப்போது தொடாதீர்கள். பழகாத நாக்குக்கு அதன் நுணுக்கம் தெரியாது, காசுதான் போகும். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 11 யூரோவுக்குள் முடிந்துவிடும். ஒரு பாட்டிலில் 750 மில்லி, சுவைக்க ஒருவருக்கு 50 மில்லி போதும். பத்துப் பேர் வந்தாலும் தாராளம்.

அறுவடை ஆண்டைப் பார்த்து வாங்க நினைத்தால், 2001, 2004, 2005, 2010, 2011 ஆகியவற்றுக்கு ரியோஹா ஒழுங்குமுறைக் குழு மிக உயர்ந்த தரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது மொத்தப் பிரதேசத்துக்குமான மதிப்பு. உங்கள் கையில் உள்ள பாட்டிலுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

3. நேரில் போவதென்றால் முன்பதிவு

லோக்ரோன்யோவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஆரோ என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் கூனே, மூகா, லா ரியோஹா அல்தா, லோபெஸ் தே எரேதியா ஆகிய ஒயின் தயாரிப்பாளர்களின் இடங்கள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பீப்பாயை நேரில் பார்த்து, அந்த நிலவறையின் வாசனையை ஒருமுறை மூக்கில் ஏற்றிக்கொண்டால் பிறகு கோப்பையில் மரத்தை அடையாளம் காண்பது சுலபமாகிவிடும். மூகாவில் பீப்பாயையே தாங்களே செய்கிறார்கள், அதைக் கட்டாயம் பாருங்கள்.

முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். வாசலில் கேட்டுக்கொள்ளலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே எடுபடாது. சாதாரண நாட்களுக்கு ஒரு வாரம் முன்பாவது, சனி ஞாயிறுக்கு இன்னும் முன்னதாக, இணையத்திலோ மின்னஞ்சலிலோ பதிவு செய்யுங்கள். பதியும்போதே ஆங்கிலத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆங்கிலச் சுற்று எல்லா நேரமும் இருக்காது. இரண்டு மூன்று கோப்பைகளோடு கூடிய சாதாரணச் சுற்றுக்கு 15 முதல் 30 யூரோ வரை கேட்பார்கள்.

செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மே மாதமோ நவம்பரோ நல்லது. ஜூன் 29 அன்று ஆரோவில் ஒருவர் மேல் ஒருவர் ஒயினை ஊற்றிக்கொள்ளும் திருவிழா நடக்கும். அன்றைக்கு மதிப்பீடு பற்றிப் பேசினால் தலையில்தான் ஊற்றுவார்கள்.

வயது 18 ஆகியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டோ ஸ்பெயினின் குடியிருப்பு அட்டையோ கையில் இருக்கட்டும். காலை 11 மணிச் சுற்று இருந்தால் அதையே எடுங்கள். சாப்பிடுவதற்கு முன்னால்தான் நாக்கு கூர்மையாக இருக்கும். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஊரே சாப்பிட்டு ஓய்வெடுக்கும். காரை விட்டுவிட்டுப் பேருந்தில் போங்கள். இரண்டு இடங்களில் விழுங்கிவிட்டு ஓட்டினால் காவல்துறையின் ஊதுகுழாயில் சுலபமாகச் சிக்கிவிடுவீர்கள், அபராதமும் கடுமை.

4. அறை, கோப்பை, சூடு

ஒயினைக் கெடுக்கும் காரியங்களில் பாதி இங்கேதான் நடக்கிறது.

சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது குளிர்நாட்டுப் பழைய வீட்டின் அறை. ரெசெர்வாவுக்கு 16 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும், இளம் ஒயினுக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி கீழே. லோக்ரோன்யோவின் ஜூலை மாதமாக இருந்தாலும், இந்தக் கட்டுரையைச் சென்னையில் உட்கார்ந்து படித்தாலும், பாட்டிலைக் குளிர்பெட்டியில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள். சூடான ஒயினில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். அதிகம் குளிர்ந்துவிட்டால் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

கோப்பை மேலே குறுகி, அடியில் அகன்று இருக்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரிக் கோப்பைகளாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. மேசையில் வெள்ளைத் தாள், தண்ணீர், உப்பில்லாத ரொட்டி, துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள். துப்ப வெட்கப்படாதீர்கள், தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் துப்புகிறார்கள்.

சென்ட், மல்லிகைப்பூ, சாம்பிராணி, அடுப்பில் தாளிப்பு எதுவும் வேண்டாம். சீஸும் இறைச்சியும் பிறகு. அவற்றோடு குடித்தால் துவர்ப்பு தணிந்து, சுமாரான ஒயினும் நல்லதாகத் தெரியும். லோக்ரோன்யோவின் காயே லவ்ரெல் தெருவில் தீனியோடு குடிக்கும் கிரியான்சா எல்லாமே பிரமாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே போங்கள், சாப்பிடுங்கள், மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.

பத்து வருடத்துக்கு மேற்பட்ட பாட்டில் என்றால் முதல்நாளே நிமிர்த்தி வையுங்கள், அடியில் வண்டல் தங்கும். ஊற்றும்போது கடைசி விரலளவை விட்டுவிடுங்கள்.

5. கண்

இதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம். கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து, நடுப்பகுதியையும் விளிம்பையும் பாருங்கள். இளம் ஒயினின் விளிம்பில் ஊதா இருக்கும். கிரியான்சாவில் அது மாணிக்கச் சிவப்பாகும். ரெசெர்வாவில் விளிம்பு செங்கல் நிறத்துக்குப் போகத் தொடங்கும். மூன்றே வயதான ஒயினில் விளிம்பு முழுக்கப் பழுப்பாக இருந்தால் காற்றுப் பட்டுக் கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கோப்பையின் உள்சுவரில் வழியும் 'கண்ணீரை'ப் பார்த்துத் தரம் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஆல்கஹால் எவ்வளவு என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது, அதுவோ லேபிளிலேயே அச்சாகியிருக்கிறது.

6. மூக்கு

முக்கால்வாசி வேலை இங்கே. அவசரப்படாதீர்கள்.

முதலில் கோப்பையை ஆட்டாமல் முகருங்கள். லேசான மணங்களும், கெட்ட பாட்டிலின் குறைகளும் அப்போதுதான் முதலில் தெரியும். பிறகு மேசைமேலேயே வைத்துச் சுழற்றி மறுபடி முகருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டே மூச்சு, பிறகு கொஞ்சம் விடுங்கள். தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும்.

மணங்களை மூன்று கூடையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் கூடை பழம். தெம்ப்ரானியோவில் ஸ்ட்ராபெரி, செர்ரி, ப்ளம் மாதிரியான மணங்கள். இளம் ஒயினில் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டிலும் தேடப்போவது இதைத்தான்.

இரண்டாவது கூடை மரம். இங்கே ஒரு பிரிவு உண்டு. ரியோஹாவில் பழைய வழக்கம் அமெரிக்க ஓக். அது தேங்காய், வெனிலா, சதகுப்பை மணங்களை வெளிப்படையாகத் தரும். பிரெஞ்சு ஓக்கில் கிராம்பு, தேவதாருக் கட்டை, லேசான வறுத்த மணம். கொஞ்சம் அடக்கமாக இருக்கும். தேங்காய் மணத்துக்குக் காரணம் மரத்திலிருந்து வரும் லாக்டோன் என்ற வேதிப்பொருள், கிராம்புக்கு யூஜெனால். கிராம்பிலேயே இருக்கும் அதே பொருள்தான், ஆகவே உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவதால் புகையும் காப்பியும் சேரும். புதிய பீப்பாய் இதையெல்லாம் அள்ளிக் கொடுக்கும். பல முறை பயன்படுத்திய பீப்பாய் மணம் குறைவாகக் கொடுத்து, மெல்ல மெல்லக் காற்றை உள்ளே விட்டு ஒயினை மென்மையாக்கும். அதனால்தான் ஆறு வருடம் பழைய பீப்பாயில் கிடந்த ஒயினைவிட ஒரு வருடம் புதிய பீப்பாயில் இருந்தது அதிகமாக மர வாசனை அடிக்கலாம். 'எத்தனை மாதம்' என்பதோடு 'பீப்பாய் எவ்வளவு பழையது' என்றும் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது கூடை வயது. தோல், புகையிலை, காய்ந்த அத்தி, காளான், காய்ந்த இலை. கிரியான்சாவில் இது அரிது. ரெசெர்வாவில் எட்டிப் பார்க்கும், கிரான் ரெசெர்வாவில் முன்னால் வந்து நிற்கும்.

சமையலறையில் ஏலம், கிராம்பு, பட்டை என்று புழங்கியவர்களுக்கு இரண்டாவது கூடை சீக்கிரம் பிடிபடும். செர்ரியும் ப்ளமும்தான் நமக்குச் சிரமம். சந்தையில் அந்தப் பழங்களை வாங்கி, வெட்டி, முகர்ந்து, சாப்பிட்டுப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை. நாவல் பழ மணம் என்று தோன்றினால் தயங்காமல் அப்படியே எழுதுங்கள். உங்கள் குறிப்பு உங்களுக்குப் புரிந்தால் போதும்.

7. வாய்

ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கெல்லாம் படும்படி பத்து நொடி உருட்டுங்கள். உதட்டை லேசாகப் பிரித்துக் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள். புளிப்பு: விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் ஒயினுக்கு உயிர் இருக்கிறது. துவர்ப்பு: பாக்கை மென்றதும் ஈறு இறுகுவது போன்ற உணர்ச்சி. அது எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதே முக்கியம். பட்டுப் போலவா, மணல் போலவா? நல்ல ரெசெர்வாவில் துவர்ப்பு இருக்கும், ஆனால் உறுத்தாது. ஆல்கஹால்: தொண்டையில் எரிந்தால் தூக்கல். இன்றைய ரியோஹாவில் 13.5 முதல் 14.5 சதவீதம் சகஜம், எரிச்சல் தெரியாமல் இருக்க வேண்டும். கனம்: தண்ணீர் போல ஓடுகிறதா, வாயை நிரப்புகிறதா?

கடைசியாக நீளம். துப்பிய பிறகு மனதில் நொடிகளை எண்ணுங்கள். நின்று எரிகிற ஆல்கஹாலையும் ஒட்டிக்கொண்டிருக்கும் துவர்ப்பையும் எண்ணாதீர்கள். பழமும் நல்ல மணமும் நிற்கும் வரை மட்டும் எண்ணுங்கள். ஐந்து நொடிக்குள் போய்விட்டால் சாதாரணம், பத்தைத் தாண்டினால் நன்று. முதலில் கேட்ட கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். பழம் போன பிறகு மரத்தூள் போன்ற வறட்சி மட்டும் வாயில் நின்றால், அந்த ஒயினைப் பீப்பாய் விழுங்கிவிட்டது. விலை 40 யூரோவாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

8. கெட்ட பாட்டிலைக் கண்டுபிடிப்பது

நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை மாதிரி வாசனை வந்து, பழ மணமே இல்லாமல் இருந்தால் கார்க்கின் குறை. டி.சி.ஏ. எனப்படும் வேதிப்பொருளால் வருவது, ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அந்த ஒயினை மதிப்பிடுவதில் பயனும் இல்லை. வினிகரோ நெயில் பாலிஷ் அழிக்கும் திரவமோ நினைவுக்கு வந்தால் அது ஆவியாகும் அமிலம். பழைய பாணி ரியோஹாவில் துளி இருப்பதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, தூக்கினால்தான் குறை. குதிரை லாயம், மருந்துப் பிளாஸ்திரி வாசனைக்குப் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் காரணம்.

உணவகத்தில் கார்க்கின் குறை தெரிந்தால் தைரியமாகத் திருப்பிக் கொடுங்கள், முதல் வாயிலேயே சொல்ல வேண்டும். பாதி காலியான பிறகு சொன்னால் மதிக்க மாட்டார்கள். சர்வர் நீட்டும் கார்க்கை முகர்ந்து பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஒயினை முகருங்கள். கடையில் வாங்கியதென்றால் ரசீதும் மிச்ச ஒயினும் பாட்டிலோடு வேண்டும்.

9. குறிப்பும் மதிப்பெண்ணும்

அடுத்தவர் வாய் திறக்கும் முன் எழுதிவிடுங்கள். ஒருவர் 'சாக்லேட்' என்று சொல்லிவிட்டால் மேசையில் எல்லாருக்கும் சாக்லேட் மணக்கும். பாட்டில்களைத் துணியால் மூடி, வேறொருவரை ஊற்றச் சொல்வது இன்னும் நல்லது.

குறிப்பில் தயாரிப்பாளர், வகை, ஆண்டு, விலை, சுவைத்த தேதி, பாட்டில் திறந்து எவ்வளவு நேரம் ஆனது என்பவை கட்டாயம். கடைசி இரண்டையும் பலர் விடுகிறார்கள். ரெசெர்வா திறந்த அரை மணியில் வேறு ஒயினாகிவிடும். இரண்டு முறை சுவைத்து இரண்டையும் எழுதுங்கள்.

மதிப்பெண்ணுக்கு நான் வைத்திருக்கும் பங்கீடு இருபதுக்கு: கண் 2, மூக்கு 6, வாய் 8, மொத்தப் பொருத்தம் 4. நூறுக்குப் போடும் வழக்கம் பத்திரிகைகளுடையது, புதியவர்களுக்கு 88-க்கும் 90-க்கும் என்ன வித்தியாசம் என்று தெரியப்போவதில்லை. லண்டனின் டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி நிறுவனத்தின் வகுப்புகளில் சமநிலை, நீளம், செறிவு, பன்முகத்தன்மை என்ற நான்கை வைத்து முடிவு சொல்லப் பழக்குகிறார்கள். எண் பிடிக்காதவர்களுக்கு அது நல்ல வழி.

'எனக்குப் பிடித்ததா' என்பதைத் தனி வரியில் எழுதுங்கள், மதிப்பெண்ணோடு கலக்காதீர்கள். எனக்குத் தேங்காய் மணம் தூக்கலான ரியோஹா பிடிக்காது. அதற்காக அதில் பழமும் நீளமும் நன்றாக இருக்கும்போது மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை. கடைசி வரியில் இன்னும் வைக்கலாமா, இப்போதே குடிக்கலாமா என்று எழுதுங்கள். புளிப்பும் துவர்ப்பும் பழமும் மூன்றுமே மிச்சம் இருந்தால் வைக்கலாம். பழம் ஏற்கெனவே மெலிந்திருந்தால் காத்திருந்து பலன் இல்லை.

10. ஊருக்கு எடுத்துப் போவதென்றால்

இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், கணக்குக்குள் அடங்கும். மூன்றாவது பாட்டில் 2.25 லிட்டராக்கி உங்களைத் தீர்வை வரிசையில் நிறுத்தும். கைப்பையில் அனுமதி இல்லை; பெட்டியில் துணிக்கு நடுவே, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரானால் ஸ்பெயினில் கட்டும் 21 சதவீத வரியைத் திரும்பக் கேட்கலாம். குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. ஆனால் பணம் கட்டும் முன்பே கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி 'தீவா' படிவம் கேளுங்கள். பிறகு போய்க் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எல்லாக் கடைகளும் செய்து தருவதில்லை. வாங்கிய மூன்று மாதத்துக்குள் வெளியேற வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே படிவத்துக்கு முத்திரை வாங்குங்கள், பாட்டிலைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும். வேறு ஐரோப்பிய நகரத்தில் விமானம் மாறுவதாக இருந்தால், ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையம் எது, பெட்டி எதுவரை நேராகப் போகிறது என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.